சம்பளம் ஏறுகிறது, சேமிப்பு ஏறவில்லையே!

கேள்வி: சில வருடங்களில் என் சம்பளம் இரண்டு மடங்காகிவிட்டது. ஆனால் மாதக் கடைசியில் மிஞ்சுவது அன்றைக்கு மிஞ்சியதுதான். ஆடம்பரம் என்று எதுவும் இல்லை. எனக்குக் கட்டுப்பாடு போதாது என்கிறார் கணவர். மனதை எப்படி மாற்றிக்கொள்வது?

பதில்: மனதை விடுங்கள் சகோதரி, முதலில் தேதியை மாற்றுங்கள். மிஞ்சினால் சேமிக்கலாம் என்று மாதக் கடைசிவரை காத்திருந்தால் எதுவும் மிஞ்சாது. சம்பளம் வந்த மறுநாளே ஒரு பங்கு தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லிவையுங்கள். கவுன்டரில் காலம் கழித்தவன் சொல்கிறேன், நிதானமாகச் சேர்த்தவர்களில் பலர் பெரிய வைராக்கியசாலிகள் இல்லை. இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டு மறந்துபோனவர்கள்தான்.

2017-ல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்பவரோடு சேர்ந்து 2004-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ‘உடனே சேமிப்பைக் கூட்டுங்கள்’ என்றபோது முடியாது என்றவர்கள் சிலர் ஒரு நிறுவனத்தில் இருந்தார்கள். அவர்களிடம், ‘இனி வரும் சம்பள உயர்வில் ஒரு பகுதியைச் சேமிப்புக்கு விட இன்றே சம்மதிக்கிறீர்களா?’ என்று கேட்டதும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். சம்பளத்தில் 3.5 சதவீதம் சேமித்துக்கொண்டிருந்தவர்கள் 40 மாதங்களில் 13.6 சதவீதத்துக்குப் போனார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான். கையில் வந்ததை எடுத்துக் கொடுக்கத்தான் நமக்கு வலிக்கிறது, இன்னும் வராததைக் கொடுக்க அவ்வளவு வலிப்பதில்லை.

நீங்களும் அடுத்த உயர்வு வருவதற்கு முன்பே அதில் பாதியை ஒதுக்கிவிடுங்கள். மீதிப் பாதியைத் தாராளமாகச் செலவழியுங்கள், அதுவும் வேண்டும்தானே. அப்புறம், ஆடம்பரம் இல்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனாலும் மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து, மாதாமாதம் தானாகப் போகும் தொகைகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு உயர்வுக்கும் ஒரு தவணையோ ஒரு சந்தாவோ கூடவே வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பணம் போகிற வழி பெரும்பாலும் அதுதான். கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், வட்டங்களில் பாதி அவருடையதாக இருக்கலாம்.

கேள்வி: பணம் வந்துவிட்டதாகத் தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொல்கிறார் ஒரு பயிற்சியாளர். பலன் உண்டா?

பதில்: மனசு அமைதியாகும். பணத்துக்கு அந்தப் பத்து நிமிடம் கண்ணைத் திறந்து கணக்கைப் பார்ப்பது நல்லது. வங்கிக் கடிதத்தைப் பிரிக்கவே பயந்து, உறையோடு கொண்டுவந்து நீட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் போவதுதான் மனநிலை மாற்றம். ஆனால் எல்லாம் மனநிலைதான் என்று அடித்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். காத்திருந்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்று கையிலிருந்த மிட்டாயை உடனே தின்னாமல் இருந்த பிள்ளைகள் பின்னாளில் சிறந்தார்கள் என்று, உளவியலாளர் வால்டர் மிஷெலின் சோதனையைச் சொல்வார்கள். 2018-ல் அதே கேள்வியை இன்னும் அதிகமான பிள்ளைகளிடம் ஆராய்ந்தார்கள். குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகத் தேய்ந்துபோனது. வருமானமே போதாதவரிடம் போய் மனநிலை சரியில்லை என்று சொல்வது எனக்குப் பிடிக்காது.

கேள்வி: கிரெடிட் கார்டில் பாக்கி இருக்கிறது, மாதம் 3 சதவீத வட்டி. சேமிக்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று கூடவே முதலீடும் செய்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிக்க ஆகும் காலம் ஏறக்குறையக் கிடைக்கும். ஆண்டுக்கு 8 சதவீதம் தரும் முதலீடு இரட்டிக்க 9 வருடம். மாதம் 3 சதவீதக் கடன், கட்டாமல் விட்டால், 24 மாதத்தில் இரட்டிக்கும். அவசரத்துக்கு ஒரு மாதச் செலவுத் தொகையை வைத்துக்கொண்டு மீதியெல்லாம் கடனுக்கே கொடுங்கள். அது முடிந்த அடுத்த மாதம், அதே தொகையை அதே தேதியில் முதலீட்டுக்குத் திருப்பிவிடுங்கள். பழகின கைதானே, பழக்கம் எங்கேயும் போய்விடாது.