பல்லைச் சுத்தம் செய்பவர் புற்றுநோய் பற்றிப் பேசலாமா?

வணக்கம்.

பல்லில் கறை ஏறியிருக்கிறதே என்று ஸ்கேலிங் செய்யப் போனேன். செய்தவர் மருத்துவர் அல்ல, ஹைஜீனிஸ்ட். சின்னப் பெண். வேலையைத் தொடங்குமுன் என் நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். பிறகு சிகரெட் உண்டா, புகையிலை போடுவீர்களா, பாக்கு, குடி என்று விசாரணை. வாய்ப் புற்றுநோய் பற்றியும் ஏதோ சொன்னார். இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. இதை மருத்துவர் அல்லவா பேச வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாயைத் திறந்துகொண்டு கிடப்பவரிடம் குடியைப் பற்றிக் கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். பதில் சொல்லவும் வழியில்லாத நேரம் அது. ஆனால் அந்தப் பெண் தன் வேலையைத் தாண்டிப் போய்விட்டார் என்பதை நான் ஏற்கவில்லை.

அந்தத் தொழில் பிறந்ததே பாதி கற்பிப்பதற்காகத்தான். அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் நகரத்துப் பல் மருத்துவர் ஆல்ஃப்ரெட் ஃபோன்ஸ் 1906இல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யப் பழக்கினார். 1913இல் அதற்கென்று வகுப்பே தொடங்கினார். அங்கே படித்த பெண்கள் பலரும் போனது பள்ளிக்கூடங்களுக்கு. பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்தார்கள், காப்பாற்றிக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

உங்கள் நாக்கை இழுத்ததற்கும் காரணம் உண்டு. வாய்ப் புற்றுநோய் அதிகம் தொடங்கும் இடங்களில் நாக்கின் பக்கவாட்டு ஓரமும் நாக்குக்கு அடியிலுள்ள தரைப்பகுதியும் அடக்கம். கண்ணாடி முன் நின்று பல்லைக் காட்டினால் அவை தெரியாது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்கவும் வலிக்காது. வலித்தால்தானே நாம் மருத்துவரிடம் போவோம்? வலியே இல்லாமல் போய் நாற்காலியில் உட்காரும் சந்தர்ப்பம் ஸ்கேலிங்தான். அப்போது அரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட மோசமான சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி: இவை கண்ணில் பட்டால் அவர் பேசாமல் இருக்கலாமா?

மருத்துவர் அல்லாதவர் பார்த்து என்ன பயன் என்று கேட்பீர்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேரை வைத்து நடந்த ஆய்வு 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதில் வாயைப் பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் அப்படிப் பலன் தெரியவில்லை. ஆகவேதான் முதலில் பழக்கத்தை விசாரிக்கிறார்கள்.

புகையும் குடியும் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. பாக்கு விஷயம் பலருக்குத் தெரியாது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. “எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை, பாக்கு மட்டும்தான்” என்பவரிடம் இதை யாராவது சொல்லியாக வேண்டுமே.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். “இது புற்றுநோய்” என்று முடிவு சொல்ல அவருக்கு உரிமை இல்லை. சிறிது சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்யாமல் மருத்துவரே சொல்லமாட்டார். கோரமான படங்களைக் காட்டி மிரட்டுவதும் எனக்குப் பிடிக்காது. மிரண்டு போனவர் அடுத்த முறை வரவேமாட்டார். கையில் கண்ணாடியைக் கொடுத்து, “நீங்கள் புகையிலை அடக்கும் இடம் வெளுத்திருக்கிறது பாருங்கள். விட்டுவிட்டால் பல சமயம் இது பழையபடி ஆகிவிடும், ஆனாலும் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும்” என்று சொல்வதுதான் சரியான பேச்சு. அதில் பயமும் இருக்கிறது, வழியும் இருக்கிறது.

அவர் உங்கள் வாயில் எதையாவது பார்த்துச் சொன்னாரா, எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னாரா என்பது கடிதத்தில் இல்லை. போன் செய்து அதைக் கேளுங்கள். அப்படியே அவருடைய கேள்விகளுக்கு நீங்கள் மறைத்த பதில் ஏதாவது இருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள்.