மகளுக்கு வந்த மாநிலம் நெப்ராஸ்கா: கட்டுரைக்கு எப்படி உதவுவது?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் ஆளுக்கொரு மாநிலம் என்று சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு நெப்ராஸ்கா வந்தது. மூன்று வாரத்தில் கட்டுரை எழுதி, வகுப்பின் முன் பேசவும் வேண்டும். இணையத்தில் படிப்பதை அப்படியே எழுதி வைக்கிறாள். “சொந்தமாக எழுது” என்றால் அழுகை. நானும் கணவரும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். நெப்ராஸ்கா பக்கம் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. எங்களால் எப்படி உதவ முடியும்?

பதில்: நெப்ராஸ்காவைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாதது நல்லதாகப் போயிற்று. தெரிந்திருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். மகள் அதையும் அப்படியே எழுதிக் கொண்டிருப்பாள்.

முதலில் ஆசிரியர் கொடுத்த தாளைப் படியுங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று பெரும்பாலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டே கொடுத்திருப்பார்கள். குறிப்பு அட்டைகளுக்கும், எங்கிருந்து எடுத்தாள் என்ற பட்டியலுக்கும் அதில் மதிப்பெண் இருந்தால், ஆசிரியர் சோதிப்பது நெப்ராஸ்காவைப் பற்றிய அறிவை மட்டுமல்ல என்று புரிந்துவிடும். தேடுவது, தேர்ந்தெடுப்பது, தன் வார்த்தையில் சொல்வது ஆகியவற்றைப் பழக்கத்தான் இந்த வேலையே.

இனி, அழுகைக்கு வருவோம். பார்த்து எழுதும் பிள்ளையைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். “நெப்ராஸ்காவைப் பற்றி எழுது” என்றால் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல என்ன இருக்கிறது? சொல்ல ஒன்றும் இல்லாதபோது, ஏற்கெனவே சொல்லப்பட்டிருப்பதைத்தான் எழுத முடியும். அவளுக்கு முதலில் தேவை ஒரு கேள்வி. அது அவளுடைய கேள்வியாகவே இருக்க வேண்டும்.

கேள்வியைப் பிறப்பிக்க எனக்குத் தெரிந்த சிறந்த கருவி வரைபடமும், அதன்மேல் வைத்து வரையும் மெல்லிய தாளும்தான். நெப்ராஸ்காவின் வரைபடத்தில் பிளாட் ஆற்றை நீல நிறத்தில் வரையச் சொல்லுங்கள். அடுத்து, 1840-களில் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போனவர்களின் ஆரிகன் பாதையைப் பழுப்பு நிறத்தில். பிறகு, 1860-களில் ஒமாஹா நகரிலிருந்து மேற்கு நோக்கிப் போட்ட யூனியன் பசிபிக் ரயில் பாதையைக் கறுப்பில். கடைசியாக இன்றைய ஐ-80 நெடுஞ்சாலையைச் சிவப்பில். மாநிலத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது நான்கு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கிராண்ட் ஐலண்ட், கியர்னி, நார்த் பிளாட் என்று ஊர்களும் அந்தக் கோட்டிலேயே வரிசையாக அமைந்திருக்கும்.

இதைத் தன் கையால் வரைந்த பிள்ளை “ஏன் எல்லாம் ஒரே இடத்தில் போகிறது?” என்று கேட்காமல் இருக்காது. விடை புத்தகத்தில் கிடைக்கும். ஆற்றுச் சமவெளி மேற்கே போகப் போக மெல்ல மெல்லத்தான் உயர்கிறது. வண்டி மாடுகளுக்குத் தண்ணீரும் புல்லும் உண்டு. வண்டிக்குச் சுலபமாக இருந்த வழி ரயிலுக்கும் காருக்கும் சுலபமாக இருந்தது. இயற்கை அமைப்பு, வரலாறு, போக்குவரத்து என்று ஆசிரியர் தனித்தனித் தலைப்பாகக் கேட்டிருக்கும் மூன்றும் இந்த ஒரு விடைக்குள் வந்துவிடுகின்றன.

இதே தாளில் இன்னொரு கோடும் போடலாம். 100 டிகிரி மேற்குத் தீர்க்கரேகை கோசாட் என்ற சிற்றூர் வழியாகப் போகிறது. அதற்குக் கிழக்கே மழை கூடுதல். மக்காச்சோளமும் சோயாவும் விளைகின்றன. மேற்கே மழை குறைவு. வடமேற்கில் புல் மூடிய மணல்மேடுகள் பரந்து கிடக்கின்றன, அங்கே மாடு வளர்ப்புதான் பிழைப்பு. ஒமாஹா, தலைநகர் லிங்கன் இரண்டுமே கிழக்கில் இருக்கின்றன. நம்மூர் மாவட்டம் போன்ற கவுண்டிகள் மொத்தம் 93 இருந்தும், மாநில மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் டக்ளஸ், லங்காஸ்டர், சார்பி ஆகிய மூன்றில்தான் வசிக்கிறார்கள். “ஏன் எல்லோரும் ஒரே மூலையில் இருக்கிறார்கள்?” என்ற கேள்வியை அவளே கேட்கும்வரை பொறுத்திருங்கள். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

சரி, கேள்வி வந்த பிறகும் பார்த்து எழுதும் பழக்கம் ஒரே நாளில் போகாது. இதற்கு உங்கள் வீட்டில் பலருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. மகள் ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை உங்களிடம் தமிழில் சொல்லட்டும். அதன் பிறகு அட்டையில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதட்டும். ஒரு மொழியில் படித்து இன்னொரு மொழியில் சொல்லும்போது மூல வாக்கியம் கையைவிட்டுப் போய்விடும், விஷயம் மட்டும் தங்கும். அவளுடைய தமிழ் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. சொல்லத் தடுமாறும் இடம் எதுவோ, அதுதான் அவளுக்குப் புரியாத இடம். அங்கே மட்டும் புத்தகத்தை மறுபடி திறந்தால் போதும்.

அட்டையில் முழு வாக்கியம் கூடாது. ஓர் அட்டைக்கு ஒரு செய்தி, மூலையில் எந்தப் புத்தகம் என்பதற்கு ஓர் எண். மாநிலச் சட்டமன்றத்தைப் பற்றிப் படித்தால் அட்டை இப்படி இருக்கலாம்: “ஒரே அவை. 49 உறுப்பினர்கள். 1937 முதல். மற்ற எல்லா மாநிலத்திலும் இரண்டு அவை. ஏன்?” கடைசியில் இருக்கும் அந்த “ஏன்”தான் அவளை அடுத்த புத்தகத்துக்கு அனுப்பும். அங்கே, இரண்டு அவைகள் வீண் செலவு என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிய ஜார்ஜ் நாரிஸ் என்பவரையும், பொருளாதார மந்தக் காலமான 1934-இல் மக்கள் வாக்களித்து ஓர் அவையை நீக்கியதையும் கண்டுபிடிப்பாள்.

எங்கே தேடுவது என்றால், பள்ளி நூலகத்திலிருந்து தொடங்குங்கள். ஐம்பது மாநிலங்களுக்கும் சிறுவர் நூல் வரிசைகள் அங்கே இருக்கும். பொது நூலக அட்டை இருந்தால் சிறுவர் கலைக்களஞ்சியங்களை வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்க முடிகிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். எண்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தளம். தேடுபொறியில் முதலில் வந்து நிற்பதையோ, செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தருவதையோ இந்த வயதில் தவிர்க்கவே சொல்வேன். தவறாக இருக்கலாம் என்பது ஒரு காரணம். வழவழவென்று முடிந்த பத்தியாகக் கைக்கு வருவதால், பார்த்து எழுதும் ஆசை இன்னும் கூடும் என்பது பெரிய காரணம்.

இரண்டு புத்தகங்களில் இரண்டு எண் வந்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள். பழைய நூலில் நெப்ராஸ்காவின் மக்கள்தொகை 18 லட்சத்து 26 ஆயிரம் என்றிருக்கும், புதியதில் 19 லட்சத்து 61 ஆயிரம் என்றிருக்கும். முதலாவது 2010 கணக்கெடுப்பு, இரண்டாவது 2020. எண்ணோடு ஆண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

மாநிலப் பறவை, மலர், மரம் எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கட்டும். நெப்ராஸ்காவின் பறவையான மேற்கத்திய மெடோலார்க்கை இன்னும் ஐந்து மாநிலங்கள் வைத்திருக்கின்றன! மாநிலத்தின் அதிகாரபூர்வக் குளிர்பானம் கூல்-எய்ட் என்பது மட்டும் வகுப்பில் கைதட்டல் வாங்கும். அது 1927-இல் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் பிறந்தது.

வரலாற்றில் கவனம் தேவை. நெப்ராஸ்கா 37-ஆவது மாநிலமாகச் சேர்ந்தது 1867 மார்ச் 1. பல பிள்ளைகள் கதையை அங்கிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். பானி, ஒமாஹா, போன்கா, ஓட்டோ ஆகிய பூர்வகுடி மக்கள் அதற்கு வெகு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள். போன்கா தலைவர் ஸ்டாண்டிங் பேரைப் பற்றி அவசியம் படிக்கச் சொல்லுங்கள். தம் மக்களோடு தெற்கே துரத்தப்பட்ட அவர், அங்கே இறந்துபோன மகனைச் சொந்த மண்ணில் அடக்கம் செய்வதற்காகக் கடுங்குளிரில் திரும்பி வந்தார், கைது செய்யப்பட்டார். 1879-இல் ஒமாஹா நீதிமன்றத்தில், செவ்விந்தியரும் சட்டத்தின் பார்வையில் ‘மனிதர்’தான் என்று தீர்ப்பானது. பத்து வயதுப் பிள்ளை இதைப் படித்தால் நிச்சயம் கோபப்படும். அந்தக் கோபம் கட்டுரையிலும் தெரியட்டும், நீங்கள் ஆற்றிவிடாதீர்கள். இந்த மக்களில் பலர் இன்றும் அந்த மாநிலத்தில் வாழ்கிறார்கள் என்பதால், அவர்களைப் பற்றி இறந்தகாலத்தில் மட்டும் எழுதிவிடக் கூடாது.

அட்டைகள் சேர்ந்ததும் தரையில் பரப்பி, ஒன்றோடொன்று பேசும் அட்டைகளை ஒரு குவியலாக்கச் சொல்லுங்கள். ஒரு குவியல் ஒரு பத்தி. எந்தக் குவியலிலும் சேராத அட்டையைத் தயங்காமல் ஒதுக்கலாம், அது எவ்வளவு சுவையான செய்தியாக இருந்தாலும் சரி. மூன்று வாரத்தில் முதல் பாதியைப் படிப்பதற்கும் குறிப்பெடுப்பதற்குமே விட்டுவிடுங்கள். எழுதத் தொடங்கினால் நாலைந்து நாளில் முடிந்துவிடும்.

திருத்தும்போது பேனாவைக் கையில் எடுக்காதீர்கள். அவள் உரக்க வாசிக்கட்டும். உங்களுக்குப் புரியாத இடத்தில் “இது எனக்கு விளங்கவில்லையே” என்று மட்டும் சொல்லுங்கள், வேறு வாக்கியம் எடுத்துக் கொடுக்க வேண்டாம். எழுத்துப்பிழையை எல்லாம் கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு தப்பிப் போனாலும் குடி முழுகிவிடாது. அப்பழுக்கில்லாத கட்டுரையைப் பார்த்தால்தான் ஆசிரியருக்குச் சந்தேகம் வரும்.

வகுப்பில் பேசுவதற்குத் தனியாக எதையும் தயாரிக்க வேண்டாம். அந்த நான்கு நிறக் கோடுகள் போட்ட தாளைக் கொண்டுபோய், ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுக் காட்டிப் பேசச் சொல்லுங்கள்.