பிரண்டைத் துவையல் செய்தால் நாக்கு அரிக்கிறது. அரிக்காமல் செய்வது எப்படி?

வீட்டில் எல்லோருக்கும் தொண்டை அரித்தது, இனிமேல் அடுப்படிக்குள் பிரண்டையே வரக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார் என எழுதியிருக்கிறீர்கள். சந்தையில் கட்டாக விற்பதை வாங்கி, கழுவி, அப்படியே நறுக்கிப் போட்டிருப்பீர்கள். லேசாக வதங்கியதும் மிக்ஸியில் அரைத்திருப்பீர்கள். பிரண்டை மேல் ஒரு குற்றமும் இல்லை.

அரிப்பதற்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு. தண்டுக்குள் ஊசி ஊசியாக இருக்கும். சேனையும் சேம்பும் அரிப்பது இதனால்தான். சேனையை அரைவேக்காட்டில் யாரும் இறக்குவதில்லை, பிரண்டையை மட்டும் ஏதோ கொத்தமல்லி மாதிரி நினைத்துவிடுகிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசக்காட்டில் கிளுவை வேலி மேல் பிரண்டை தானாக ஏறிக் கிடக்கும். யாரும் நட்டதும் இல்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு கொழுந்து விட்டதும் ஆச்சி பறிக்கப் போவாள். நுனியிலிருந்து இரண்டு மூன்று கணுதான். விரலால் வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். நார் இழுத்தால் அந்தத் தண்டை விட்டுவிடுவாள். முற்றியதை விற்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள் அப்போது.

இங்கே சென்னையில் எங்கள் ஃபிளாட் பால்கனியில் நான் வளர்ப்பதும் அதே நாலு பட்டைப் பிரண்டைதான். ஒரு பொங்கலுக்கு என் வீட்டுக்காரரின் அக்கா வந்திருந்தார். பிரண்டை என்றாலே "அதெல்லாம் ஆடு மாடு தின்கிறது" என்பவர். நான் ஒன்றும் சொல்லாமல் தோசைக்குத் துவையலை வைத்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன துவையல் என்று சொன்னதும், "அரிக்கவே இல்லையே, இது வேற ஜாதிப் பிரண்டையா இருக்கும்" என்றார். "அதே பிரண்டைதான் மதினி" என்றேன். இன்றுவரை நம்பவில்லை.

செய்முறை இதுதான். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கையும் அரிக்கும். கணுவை வெட்டி எறிந்துவிட்டு, ஓரப் பட்டைகளில் வரும் நாரை உரித்துவிடுங்கள். ஒரு கைப்பிடித் துண்டுக்கு நல்லெண்ணெய் தாராளமாக, இரண்டு மூன்று ஸ்பூன் வேண்டும். பச்சை நிறம் முழுக்கப் போய், தண்டு சுருங்கிப் பழுப்பாகும்வரை வதக்குங்கள். அவசரப்பட்டால் அவ்வளவுதான். ஒரு துண்டை ஆற வைத்து நுனி நாக்கில் வையுங்கள். சுருக்கென்றால் இன்னும் வதக்க வேண்டும். அப்புறம் உளுந்தம்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம், தேங்காய்த் துருவல் எல்லாம் தனியாக வறுத்து, நெல்லிக்காய் அளவு புளியும் உப்பும் வைத்து அரைக்கலாம். புளியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எலும்பு ஒட்டும், மூட்டுவலி பறந்துவிடும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. கமென்டில் சண்டைக்கு வராதீர்கள். சித்த மருத்துவத்தில் பயன்படுத்துகிறார்கள் என்பது தெரியும், நான் ருசிக்காகச் சாப்பிடுகிறேன். சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பச்சையாக ஜூஸ் அடிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு சொன்னேனே, என் முதல் கொடி இப்போது இல்லை. பெயின்ட் அடிக்கிறோம் என்று எங்கள் அசோசியேஷன் ஆட்கள் வெளிக் கம்பியில் படர்ந்ததை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் "பாம்பு வரும் மேடம்" என்கிறார்கள். நாலாவது மாடிக்கு! லிஃப்டே பாதி நாள் ஓடாத கட்டடத்தில் பாம்பு மட்டும் எப்படி ஏறி வரும்? மெயின்டனன்ஸ் பணம் மட்டும் ஐந்தாம் தேதி தாண்டினால் வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் போட்டுவிடுவார்கள்.

சரி, விடுங்கள். நீங்கள் வாங்கிய பிரண்டைக் கட்டில் முற்றிய தண்டு மிச்சம் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். இரண்டு கணு இருக்கிற மாதிரி வெட்டி, ஒரு நாள் நிழலில் காயவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஒரு கணு புதையும்படி ஊன்றுங்கள். தண்ணீர் அதிகமானால் அழுகிவிடும், மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். அடுத்த துவையலுக்கு அதிலேயே கொழுந்து கிள்ளலாம். மாமியாரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.