சோடா மட்டும் குடித்துவிட்டு வந்த வீடு

கேள்வி: அம்மா, நாங்கள் வன்னியில் விசுவமடுப் பக்கம் இருக்கிறோம். மாமனார் படித்த வாலிபர் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கணவருக்கு அரசாங்க வேலை, தோட்டமும் இருக்கிறது. மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு. இன, மத வித்தியாசம் பார்க்காத பிள்ளைகளாக இவர்களை வளர்க்க வேண்டும் என்பதில் நாங்கள் இருவரும் கவனமாக இருக்கிறோம். மகனைச் சிங்கள வகுப்புக்கு அனுப்புகிறோம். போன வருடம் கண்டிப் பெரஹரா ஊர்வலம் காட்டினோம். பள்ளிக்கூடத்தில் பல்லினப் பண்பாட்டு நாளன்று மகள் கண்டிச் சேலை கட்டிப் பரிசு எடுத்தாள். நோன்புப் பெருநாளுக்குக் கணவரின் கந்தோர் நண்பர் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும், பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற அக்கா மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவவின் மகளின் சாமத்திய வீட்டுக்குக்கூடக் குடும்பமாகப் போனோம். பிள்ளைகளுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துவராது என்பதால் சாப்பிடவில்லை, சோடா மட்டும் குடித்துவிட்டு வந்தோம். இப்படி ஒரு வித்தியாசமும் பார்க்காத வீடு எங்களுடையது. ஆனால் போன மாதம் என் மகன் வகுப்பில் ஒரு பையனைப் பார்த்து, "நீ தோட்டக்காட்டான், உனக்குப் பக்கத்தில இருக்க மாட்டன்" என்று சொல்லியிருக்கிறான். ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னபோது எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. மலையகத் தமிழரை இழிவாகச் சொல்கிற அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் பாவிப்பதில்லை. போனில் பார்த்துப் பழகினானா, கூட்டாளிகளா? மாமி சிலவேளை பழைய கதைகள் சொல்லுவா, அதனாலா? இவனுக்கு என்ன புத்தகம் வாசிக்கக் கொடுக்கலாம்? எப்படிச் சொல்லித் திருத்தலாம்?

ஒரு தாய், விசுவமடு.

பதில்: தங்கச்சி, போனையும் கூட்டாளிகளையும் விடுங்கள். மாமியையும் இப்போதைக்கு விடுங்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையாக எழுதிக் கடந்துபோன ஒரு வரி இருக்கிறது. அந்த சோடா வரி. எனக்கு அதைத் தாண்டி வாசிக்க முடியவில்லை.

வெளிச்சாப்பாடு ஒத்துவராத பிள்ளைகள், கந்தோர் நண்பர் வீட்டு வட்டிலப்பத்தை ஆசையாகச் சாப்பிடுகிறார்கள் என்று அதற்குச் சற்று முன்னால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரஹரா பார்க்கப் போன இடத்தில் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்களா? தம்புள்ளையிலோ கண்டியிலோ கடையில் இருந்து வாங்கித்தான் கொடுத்திருப்பீர்கள். அப்போது ஒத்துவந்தது. ஆக உங்கள் பிள்ளைகளின் வயிற்றுக்கு ஒத்துவராதது ஒரேயொரு வீட்டுச் சாப்பாடுதான். உங்கள் மிளகாயை ஆய்ந்து, வெங்காயத்தைக் கிண்டித் தருகிற பெண்ணின் கைச் சாப்பாடு.

மூடி கழற்றாத சோடாப் போத்தலுக்கு நம் ஊர்களில் என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியாதா? போகாமல் விட்டால் பழி வரும், போய்ச் சாப்பிட்டால் சரிசமம் ஆகிவிடும் என்று, யாழ்ப்பாணத்தில் சாதி பார்த்த வீடுகள் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துக்கொண்ட நடுவழி அது. அவர்கள் சமைத்தது வாயில் படாது. அவர்கள் வீட்டுக் கோப்பைகூட உதட்டில் படாது. கடையிலிருந்து வந்த போத்தல், கடையிலிருந்து வந்த குழல். அந்த வழக்கத்தை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். காணியோடு சேர்த்து அதையும் வன்னிக்குக் கொண்டுவந்துவிட்டோம். நீங்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று மறுபடி எழுதுவீர்கள். நினைக்காமலே செய்தீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

அந்த அக்காவின் இடத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். அன்றாடக் கூலியில் ஒரு சாமத்திய வீடு செய்வதென்றால் சீட்டோ கடனோ இல்லாமல் முடியாது. வேலை செய்கிற வீட்டார் குடும்பமாக வருகிறார்கள் என்று நல்ல கதிரைகளைத் துடைத்து முன்னால் போட்டிருப்பா. பந்திக்கு வாருங்கள் என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கூப்பிட்டிருப்பா. நீங்கள் பிள்ளைகளின் வயிற்றைச் சொல்லியிருப்பீர்கள். அவ சிரித்துக்கொண்டே சோடா எடுத்துவர ஆள் அனுப்பியிருப்பா. அந்தக் காரணத்தை அவ நம்பியிருப்பா என்று நினைக்கிறீர்களா? உங்கள் வீட்டு அடுப்படி வாசலில் எத்தனை வருடம் நின்றவ. உங்கள் பிள்ளைகள் எதைச் சாப்பிடுவார்கள் என்பது அவவுக்கு உங்கள் அளவுக்குத் தெரியும்.

உங்கள் மகனும் பக்கத்தில் இருந்தான். பந்தியிலிருந்து வரும் மணம் அவனுக்கும் தெரிந்தது. தன் வயதுப் பிள்ளைகள் எழுந்து சாப்பிடப் போவதைப் பார்த்தான். அம்மா அவனுடைய வயிற்றைச் சாட்டிப் பொய் சொல்வதைக் கேட்டான். ஏன் என்று அவன் உங்களைக் கேட்டானா என்று தெரியவில்லை. கேட்காமலே விளங்கிக்கொள்கிற வயது அது. நீங்கள் அந்தப் பந்தியில் இருக்கவில்லை, அவன் அந்த வாங்கில் இருக்க மாட்டேன் என்கிறான். நீங்கள் மரியாதையான காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள். அவன் சின்னப் பிள்ளை, காரணம் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அந்தச் சொல் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடாதீர்கள். அது ரோட்டில் கிடக்கிறது, யாரும் பொறுக்கலாம். அதை எடுத்து ஒரு பிள்ளையின் மேல் எறியலாம் என்ற துணிவு வீட்டிலிருந்துதான் வந்தது.

இதுபோன்ற கடிதங்கள் எனக்குக் கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்துகொண்டேயிருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு சிங்கள வகுப்போ, ஒரு பண்பாட்டு நாளோ, ஒரு சுற்றுலாவோ இருக்கும். சிங்கள வகுப்பை நான் குறை சொல்லவில்லை, அதை நிறுத்தவும் வேண்டாம். இந்த நாட்டில் வாழப்போகிற பிள்ளைக்கு அந்த மொழி வேண்டும். ஆனால் பெரஹரா உங்களிடம் எதையும் கேட்காது. ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு வரலாம். சேலை கட்டிப் பரிசு எடுத்துவிட்டு அவிழ்த்து வைக்கலாம். வேலிக்கு அப்பால் இருக்கிறவர் அப்படியில்லை. அவர் இருக்கக் கதிரை கேட்பார், காணிப் பத்திரம் கேட்பார், நாளைக்கு உங்கள் மகனோ மகளோ அவர் வீட்டில் பெண் எடுக்கவும் மாப்பிள்ளை எடுக்கவும் கேட்கலாம். அங்கேதான் நம்முடைய பரந்த மனம் சோதிக்கப்படுகிறது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று மலையகம் காத்துவைத்திருக்கிற கூத்துகளில் ஒன்றின் பெயராவது உங்கள் மகனுக்குத் தெரியுமா?

புத்தகம் கேட்டீர்கள். இப்போதைக்குப் புத்தகம் வேண்டாம். நீங்களும் கணவரும் இருந்து அவனுக்கு மலையக மக்களின் கதையை ஒழுங்காகச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் முதலில் நீங்கள் படியுங்கள்.

இரு நூறு வருடத்துக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கூட்டிவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை வரைக்கும் கால்நடையாகப் போனார்கள். பசியிலும் கொள்ளைநோயிலும் காய்ச்சலிலும் வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. உங்கள் மகனுக்குக் காட்ட வேண்டிய இடம் தலைமன்னார். 2023 ஜூலை இறுதியில் அங்கிருந்து மாத்தளைக்கு அந்த மக்களின் பிள்ளைகளும் அவர்களோடு மற்றவர்களும் அதே வழியை நினைத்து நடந்தார்கள். வன்னிக் காடு அவர்களின் முன்னோரைப் புதைத்த காடு. உங்கள் மாமனாருக்கு இங்கே காணி அளந்து கொடுப்பதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னால்.

1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, தேயிலையை உண்டாக்கியவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதினார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை. எழுபதுகளில் தோட்டங்களில் பஞ்சம் வந்தது, 1977 இலும் 1983 இலும் அடித்தும் எரித்தும் விரட்டினார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் ஓடிவந்தது நம்மிடம். தமிழர் இருக்கிற இடம் என்று நம்பி வந்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவதைத் தடுத்தபோது, விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் தோட்டம் செய்தவர்கள் கையில் காசு புழங்கியது. உங்கள் மாமியிடம் கேளுங்கள், அந்தக் காலத்தை ஆசையோடு சொல்லுவா. அந்த மிளகாயை வெயிலில் நின்று ஆய்ந்தவர்கள் யார் என்றும் சேர்த்துக் கேளுங்கள். காடு வெட்டக் கூப்பிட்டோம், கூலிக்குக் கூப்பிட்டோம். வருடக்கணக்காக இருந்த காணிக்கு ஒரு பத்திரம்கூட இல்லாமல் எத்தனையோ குடும்பங்களை விட்டுவைத்தோம்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு எல்லாரும் ஒரே வரிசையில் நின்றோம். உங்கள் பக்கத்தில் அந்த வரிசையில் நிற்காத குடும்பம் குறைவு. கிடாரத்தில் கஞ்சி காய்ச்சியது யார், எந்த ஊர், எந்தச் சாதி என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. போர் முடிந்து நம்மை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமிலும் கேட்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து நினைவுகூருகிறோம். நினைவுகூருவது உண்மையென்றால், அன்று பக்கத்தில் நின்றவருடைய வீட்டில் இன்று சோறு இறங்காது என்று சொல்ல வாய் எப்படி வருகிறது?

வட்டிலப்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நண்பருடைய முஸ்லிம் மக்களை 1990 ஒக்டோபரில் வடக்கு முழுவதிலிருந்தும் புலிகள் வெளியேற்றினார்கள். வீடும் வயலும் பள்ளிவாசலும் கிடக்க, கையில் எடுக்க முடிந்ததோடு போய்ப் பல குடும்பங்கள் இருபது வருடம் வரைக்கும் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் இருந்தன. முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கம் திரும்பி வந்தவர்களுக்கு இன்னும் முழுதாக ஊர் திரும்பவில்லை. உங்கள் மகனுக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லுங்கள். நமக்கு நடந்ததைச் சொல்கிற அதே குரலில், நம் பெயரால் நடந்ததையும் பிள்ளைக்குச் சொல்வது தாய் தகப்பனின் கடமை. பத்து வயது அதற்குப் போதும்.

இனிச் செய்ய வேண்டியது. அந்தப் பையனின் வீட்டுக்கு உங்கள் கணவர் மகனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நீங்கள் போகக் கூடாது, அவர் போக வேண்டும். உங்கள் கடிதம் முழுக்க அவர் காணியாகவும் உத்தியோகமாகவும் கந்தோர் நண்பராகவும்தான் வருகிறார். தகப்பனாக ஒரு இடத்திலும் வரவில்லை. வகுப்பில் ஆசிரியையின் முன்னால் "சொறி" சொல்ல வைத்திருந்தாலும் அது காணாது. அந்தப் பையனின் தாய் தகப்பனுக்கு முன்னால், என் பிள்ளை செய்தது பிழை, அது எங்கள் வளர்ப்பின் பிழை என்று அவர் வாயால் சொல்லட்டும். ஒரு மனிதன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பதை மகன் பார்க்கட்டும். போகும்போது பொதி பொதியாகச் சாமான் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். கொடுப்பது நமக்குச் சுலபம், அது நம்மை மேலேயே வைத்திருக்கும்.

பிறகு, அக்காவின் வீட்டுக்கு நீங்கள் எல்லாரும் ஒரு நாள் சாப்பிடப் போங்கள். விசேஷ நாள் வேண்டாம். வேலை முடிந்து போகும்போது, "அக்கா, அண்டைக்குச் சாப்பிடாமல் வந்தது என்ரை பிழை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளோட வாறன், உங்கட கையால ஏதாவது தாங்கோ" என்று நேரே சொல்லுங்கள். அவ திகைப்பா, வேண்டாம் என்பா, இரண்டு தரம் மறுப்பா. அந்த மறுப்பைச் சாட்டாக வைத்துப் பின்வாங்காதீர்கள். ரொட்டியும் சம்பலும் தந்தால் அதையே சாப்பிடுங்கள். முதலில் நீங்கள் கை வைத்துச் சாப்பிடுங்கள், பிள்ளைகள் தானாகச் சாப்பிடுவார்கள். திரும்பி வரும் வழியில் "பார்த்தாயா, அவர்களும் எங்களைப்போலத்தான்" என்று பாடம் நடத்தாதீர்கள். அந்த ஒரு வசனம் போதும், நீங்கள் செய்த எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதன்பிறகு உங்கள் வீட்டில் அவவுக்குச் சாப்பாடு கொடுப்பது பின்வாசலிலா மேசையிலா என்பதையும் யோசியுங்கள். அதைப்பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கவில்லை. உங்களுக்குத் தெரியும்.

மாமி இதற்கெல்லாம் சம்மதிக்க மாட்டா. வயதுபோனவ, அவவைச் சாப்பிட வாருங்கள் என்று இழுக்க வேண்டாம். ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் அந்தப் பழைய கதைகள் இனி வேண்டாம் என்று அவவிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவரும் உங்கள் கணவர்தான். நீங்கள் சொன்னால் மாமி மருமகள் சண்டையாக முடியும், பிள்ளைகளின் விஷயம் அதில் காணாமல் போய்விடும். பெற்ற மகன் பக்கத்தில் இருந்து, அம்மா, என் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன் என்று சொன்னால் அவ கேட்பா. அவர் தயங்கினால் இந்தப் பதிலை அவரிடம் கொடுங்கள், இரவு சாப்பாட்டுக்கு முன்னால் வாசிக்கட்டும்.