நீலகிரியிலிருந்து ஜப்பானுக்கு: வாசகர் கேள்வி – பதில்

வேலைக்காக ஜப்பானில் குடியேறும் தம்பதிகளும், இங்கே மலையிலிருந்து அவர்களை வழியனுப்பும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கணவருக்கு ஹமாமட்சுவில் வேலை. அடுத்த மாதம் நானும் போகிறேன். சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களுக்கு அவர் பட்டியலே போட்டுவிட்டார். இறங்கியதும் முதலில் செய்ய வேண்டியது என்ன?
— வாசகி, குன்னூர்

பட்டியல் இரண்டு வாரம் பொறுக்கட்டும். நரிட்டா, ஹனேடா, நாகோயா பக்கத்து சூபு போன்ற பெரிய விமான நிலையங்களில் வசிப்பு அட்டையை அங்கேயே கையில் கொடுத்துவிடுவார்கள். அதில் முகவரி இருக்காது. வீட்டில் குடிபோன நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அந்தப் பகுதியின் வார்டு அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட்டும் அட்டையுமாகப் போய்ப் பதிய வேண்டும். பின்னால் வீடு மாறினாலும் இதே 14 நாள்தான்.

பலர் தடுமாறுவது திருமணச் சான்றிதழில். நீங்கள் அவர் மனைவி என்று பதிவேட்டில் ஏற, மூலச் சான்றிதழோடு ஜப்பானிய மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். மொழிபெயர்த்தவர் பெயரும் தேதியும் அதில் இருக்க வேண்டும். மூலத்தைப் பத்திரமாகப் பீரோவில் பூட்டிவிட்டு நகலோடு போகாதீர்கள்.

கணவரின் நிறுவனக் காப்பீட்டில் உங்களைச் சார்ந்தவராகச் சேர்த்தால் தனிச் சந்தா கிடையாது. மருத்துவமனையில் கட்டணத்தில் 30 சதவீதம் மட்டும் கட்டுவீர்கள். 2024 டிசம்பர் 2 முதல் பழைய காப்பீட்டு அட்டைகள் புதிதாகத் தரப்படுவதில்லை. நம் ஆதார்போன்ற மை நம்பர் அட்டையே அந்த வேலையைச் செய்கிறது. அதனால் முகவரி பதியும் அன்றே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். சார்ந்தோர் விசாவில் வேலை பார்க்க நினைத்தால் குடியேற்ற அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். வாரத்துக்கு 28 மணி நேரம்தான் உச்சம். அனுமதி கைக்கு வருமுன் பகுதிநேர வேலையில் சேர்வது, விசா புதுப்பிக்கும்போது தலைவலியாகும்.

பெட்டியில் கறிவேப்பிலை, மருந்து, டீத்தூள் எடுத்துப்போகலாமா?
— வாசகர், கொடைக்கானல்

டீத்தூள், வர்க்கி, கடையில் பாக்கெட்டாக விற்கும் உலர்ந்த மசாலா தாராளமாகப் போகும். பச்சைக் கறிவேப்பிலை போகாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையில் வாழும் என்பதால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலைப் பொடியாக அரைத்துக்கொள்ளுங்கள். உப்புக்கண்டம் உள்ளிட்ட இறைச்சி எதுவும் கூடாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒரு மாத அளவு வரை அனுமதி. அதற்கு மேல் தேவைப்படுகிறவர்கள், குறிப்பாக சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூன்று மாத மாத்திரையோடு மகனைப் பார்க்கப் போகும் பெற்றோர், கிளம்பும் முன்பே இணையவழி இறக்குமதி உறுதிச்சான்று வாங்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்தையும் சூடோஎபிடிரின் கலந்த சளி மாத்திரையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மிக்ஸி, கிரைண்டர், குக்கர் மூன்றும் சீர் வரிசையில் வந்தவை. அங்கே வேலை செய்யுமா?
— வாசகி, கூடலூர்

அப்படியே சொருகினால் செய்யாது. நம் மின்சாரம் 230 வோல்ட்; ஜப்பானில் 100 வோல்ட். கடையில் வாங்கும் அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும். மிக்ஸி மெதுவாகச் சுற்றும். உளுந்தின் பாரம் ஏறியதும் நின்று, மோட்டார் சூடாகிக் கருகல் வாசனை வரும். சூடாக்கும் சாதனங்களில் இழப்பு இன்னும் அதிகம். வோல்ட் பாதிக்கும் கீழே இறங்கினால் சூடு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நம் ஊர் 1,500 வாட் கெட்டில் அங்கே 280 வாட்டில் முனகிக்கொண்டிருக்கும். கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் அங்கேயே வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

மிக்ஸியை விடமாட்டேன் என்றால், 100 வோல்ட்டை 220–230 ஆக ஏற்றும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 750 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் திறனுள்ளதாக வாங்குங்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் கூடுதல் மின்சாரம் இழுக்கும். அங்கே ஒரு சுவர் பிளக்கின் தாங்குதிறனே 15 ஆம்பியர், அதாவது 1,500 வாட். மைக்ரோவேவும் மிக்ஸியும் ஒரே இணைப்பில் ஓடினால் பிரேக்கர் விழும்.

கிரைண்டரில் வேறொரு சிக்கல். மின்சாரம் நொடிக்கு எத்தனை சுழற்சி என்பதே ஹெர்ட்ஸ். டோக்கியோ உள்ளிட்ட கிழக்கு ஜப்பானில் நம் ஊர்போல 50 ஹெர்ட்ஸ். ஒசாகா, நாகோயா உள்ளிட்ட மேற்கில் 60. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. மேற்கே கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றி மாவு சீக்கிரம் சூடேறும். குளிர்ந்த நீர் விட்டு அரையுங்கள். டோக்கியோ என்றால் கவலையில்லை.

குக்கரைப் பொறுத்தவரை அடுப்பைக் கேட்டுவிட்டு எடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியக் குக்கர் சூடாகாது. அடிப்பகுதி இண்டக்‌ஷனுக்கு ஏற்ற எவர்சில்வர் குக்கர் வேண்டும். காஸ் அடுப்பு என்றால், வீட்டுக்கு வருவது நகரக் குழாய் காஸா சிலிண்டர் காஸா என்று தெரியாமல் அடுப்பு வாங்கவே கூடாது. இரண்டுக்கும் அடுப்பு வேறு; மாற்றிப் பொருத்தினால் தீ பொங்கும், அல்லது சரியாக எரியாமல் விஷவாயு வரும்.

ஊட்டிக் குளிரிலேயே இட்லி மாவு பொங்க மாட்டேன் என்கிறது. ஜப்பான் குளிர்காலத்தில் என்ன செய்வார்கள்?
— வாசகி, உதகை

முதலில் அரிசி. அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் குட்டை அரிசி ஒட்டும் தன்மை உடையது, இட்லி பிசுபிசுக்கும். டோக்கியோவின் நிஷி கசாய், ஷின் ஒகுபோ பகுதி இந்தியக் கடைகளில் இட்லி அரிசியும் உளுந்தும் கிடைக்கும். வெளியூருக்குக் கூரியரிலும் அனுப்புகிறார்கள்.

மாவு புளிக்க எங்கள் ஓட்டு தயிர் மேக்கருக்கு. 25 டிகிரியிலிருந்து ஒவ்வொரு டிகிரியாகச் சூட்டை வைக்கக்கூடிய வகைகள் சாதாரண மின்சாதனக் கடைகளில் இருக்கின்றன. 30 டிகிரியில் எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். பாத்திரம் ஒரு லிட்டர்தான் கொள்ளும். பாதிக்கு மேல் ஊற்றினால் காலையில் மேசையெல்லாம் மாவு. நிறைய மாவு வேண்டுமென்றால் மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியில் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் யுதான்போ எனும் வெந்நீர்க் குடுவையைத் துணி சுற்றி வையுங்கள். இந்த வழி உதகையிலும் அப்படியே பலிக்கும். கொதாட்சு எனும் சூடேற்றும் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு அதை இரவெல்லாம் ஓடவிடுவது வேண்டாம். தீ விபத்துக்கு வழி.

மகனும் மருமகளும் ஷிசுவோகாவிலிருந்து அனுப்பிய படங்களில், தேயிலைத் தோட்டம் முழுக்க மின்கம்பம்போல நட்டு உச்சியில் காற்றாடி மாட்டியிருக்கிறார்கள். எதற்கு? நமக்கு உதவுமா?
— சிறு தேயிலை விவசாயி, மஞ்சூர்

உறைபனிக்கு எதிரான காற்றாடிகள் அவை, மின்சாரத்தில் ஓடுபவை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தேங்கும். ஆறேழு மீட்டர் மேலே உள்ள காற்று சில டிகிரி வெப்பமாக இருக்கும். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்த காற்றாடி அந்த மேல்காற்றைச் செடிமேல் தள்ளிக் கலக்கிவிடுகிறது. செடி மட்டத்தில் உணரி ஒன்று இருக்கும். சுமார் 3 டிகிரிக்கு இறங்கியதும் தானாக ஓடத் தொடங்கும். கொழுந்து துளிர்க்கும் பருவத்தில் மைனஸ் 2 டிகிரி வந்தாலே கருகிவிடும் என்பதால் முன்கூட்டியே ஓடவிடுகிறார்கள்.

அவர்கள் அஞ்சுவது மார்ச், ஏப்ரல் பனிக்கு. ஆண்டின் முதல் பறிப்புக்குத்தான் நல்ல விலை; வசந்தம் தொடங்கியதாகக் கணக்கிடும் நாளிலிருந்து 88ஆம் இரவு, மே 2ஐ ஒட்டி வருவது, பனி முடியும் எல்லை என்பது அங்குள்ள விவசாயிகளின் வழக்கு. நமக்கு ஆபத்து டிசம்பர், ஜனவரியில், அதுவும் பள்ளத்துத் தோட்டங்களில்.

இங்கே உதவுமா? அறிவியல் ஒன்றுதான், காற்றில்லாத தெளிந்த இரவில், குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளத்தில் கண்டிப்பாக உதவும். சரிவில் உள்ள தோட்டத்தில் குளிர்காற்று தானே கீழே வழிந்துவிடும். அங்கே வீண் செலவு. ஊரே குளிர்ந்து காற்றும் அடிக்கும் இரவில் மேலேயும் வெப்பக் காற்று இல்லை, காற்றாடி சுற்றிப் பயனில்லை. ஓர் ஏக்கருக்காகத் தனியாள் மும்முனை இணைப்பு இழுத்துக் கம்பம் நடுவது கட்டுபடியாகாது என்பதே எங்கள் கருத்து. பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து யோசிக்கலாம். அதுவரை தாகை, மலார் செடிகளை வெட்டிப் போட்டு மூடும் நம் வழக்கம் நல்ல வழக்கமே. தெளிப்பான் வைத்திருப்போர் ஒன்றை மறக்க வேண்டாம்: நீர் உறையும்போது வெளிவிடும் சூடுதான் செடியைக் காக்கிறது. நடுராத்திரியில் மோட்டார் நின்றால் ஈரம் ஆவியாகி, இருந்த சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். போட்டால் விடிந்து பனி உருகும்வரை ஓட வேண்டும்.

அங்கிருந்து வந்த பச்சைத் தேயிலை ஒரே கசப்பு. தூள் கெட்டுவிட்டதா?
— வாசகர், கோத்தகிரி

நீங்கள் கொதிக்கவிட்டிருப்பீர்கள். செஞ்சா வகைக்கு 70 முதல் 80 டிகிரி நீர் போதும்; அதற்கு மேல் போனால் துவர்ப்பும் கசப்பும் அதிகமாக இறங்கும். இரண்டு பேருக்கு 5 கிராம் இலை, 180 மில்லி நீர், ஒரு நிமிடம். கொதித்த நீரைக் குளிர்ந்த பாத்திரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஏறத்தாழ 10 டிகிரி இறங்கும். உதகை உயரத்தில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் இரண்டு மாற்று தாராளம். கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள். இலையில் தேங்கிய நீர் அடுத்த கோப்பையைக் கசக்க வைக்கும்.

நம் மலை ரயில்போல அங்கே உண்டா?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், வெலிங்டன்

ஷிசுவோகா மாநிலத்தின் ஒய்காவா ரயில்வேயில் இகாவா பாதை. கல்லாறு–குன்னூர் இடையே உள்ள, நடுத்தண்டவாளத்தின் பற்களைக் கவ்வி ஏறும் அதே ஆப்ட் பல்சக்கர முறை, இன்று ஜப்பானில் ஓடுவது அங்கே மட்டும்தான். அணை கட்டியபோது பழைய தடம் நீரில் மூழ்கவிருந்ததால் புதுத்தடம் போட்டு 1990இல் திறந்தார்கள். ஆப்ட் இச்சிஷிரோ நிலையத்திலிருந்து நாகாஷிமா அணை நிலையம் வரை சுமார் ஒன்றரை கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு 90 மீட்டர் ஏற்றம். நம் பாதை பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவில் ஏறுகிறது. அங்குள்ளது இன்னும் சற்றுச் செங்குத்து. நம் பல்தண்டவாளம் இரட்டை, அங்கே மூன்று வரிசை. எஞ்சின் பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளுவது இரண்டுக்கும் பொது. இங்கே நீராவி, அங்கே அந்தத் துண்டுக்கு மட்டும் மின்சார எஞ்சின். அதை இணைப்பதை இறங்கி நின்று பார்க்கலாம்.

2022 செப்டம்பர் புயலில், இகாவா பாதை தொடங்கும் சென்சு நிலையத்துக்கு அழைத்துப்போகும் பிரதான பாதையின் மேல்பகுதி சேதமானது. கிளம்பும் முன் எது ஓடுகிறது, எங்கே பஸ் பிடிக்க வேண்டும் என்று பார்த்துவிட்டு, கையில் ரொக்கத்தோடு போங்கள்.

நேரம் இருந்தால் ஹக்கோனே மலை ரயிலையும் பாருங்கள். 1919இல் திறந்தது; பல்சக்கரமே இல்லாமல் ஆயிரத்துக்கு 80 மீட்டர் ஏறுகிறது. மூன்று இடங்களில் ரயில் நின்று திசை மாறி, பின்பக்கமாகவே மேலே ஏறும். கூர்மையான வளைவுகளில் எண்ணெய் தடவினால் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளத்தில் நீர் தெளித்துக்கொண்டே போகிறது. ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை இருபுறமும் ஹைட்ரேஞ்சியா பூத்திருக்கும்.

ஊட்டிக்காரர்களுக்கு ஃபூஜி மலை எளிதுதானே?
— வாசகர், உதகை

பாதி உண்மை. யோஷிதா வழியில் பஸ் கொண்டுவிடும் ஐந்தாம் நிலையம் சுமார் 2,305 மீட்டர், உதகையே 2,240. ஆனால் ஆறு மாதம் கடற்கரை நகரத்தில் வாழ்ந்த உடலுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். உச்சி 3,776 மீட்டர். 3,000ஐத் தாண்டியதும் தலைவலி, குமட்டல் யாருக்கும் வரலாம். கூடினால் இறங்குவது ஒன்றே மருந்து.

ஏறும் காலம் ஜூலை தொடங்கிச் செப்டம்பர் 10 வரை. 2025இல் எல்லா வழிகளுக்கும் ஆளுக்கு 4,000 யென் கட்டணம். பிற்பகல் 2 மணி முதல் அதிகாலை 3 வரை, மலைக்குடிலில் இடம் பதிவு செய்யாதவர்களை வாயிலில் விடமாட்டார்கள். ஆகஸ்டிலும் உச்சியில் விடியற்காலை நம் ஜனவரிக் குளிர். கழிப்பறைக்கு 100 யென் நாணயங்கள் வேண்டும். இறங்கும்போது எட்டாம் நிலையம் அருகே வழி பிரிகிறது. அசதியில் சுபாஷிரி பக்கம் திரும்பி வேறு மாநிலத்தில் போய் நிற்பவர்கள் பலர். பலகையை நின்று படியுங்கள்.

நாங்கள் சைவம். வெளியே சாப்பிட முடியுமா?
— தம்பதி, கொடைக்கானல்

‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் இறைச்சி வராது, மீன் வரும். மிசோ சூப்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் அடிப்படை தாஷி எனும் சுவைச்சாறு. அது பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுப்பது. நம் மாசிக் கருவாட்டைப்போல சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டு உலர்த்தியது. ஆகவே ‘கட்சுவோ தாஷி இல்லாமல்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்றைப் பையில் வையுங்கள். வெளியூர்ப் பயணத்தில் நிம்மதியாகச் சாப்பிட கோயாசான் எனும் புத்தக் கோயில் மலைக்குப் போங்கள். கோயில் விடுதிகளில் தங்கினால் இரவும் காலையும் துறவியர் உணவு, வெங்காயம் பூண்டுகூட இல்லாமல்.

பஜ்ஜி சுட்ட எண்ணெயை எங்கே கொட்டுவது? தொட்டியில் ஊற்றக் கூடாது என்கிறார்களாம்.
— வாசகி, குன்னூர்

எண்ணெயை உறைய வைக்கும் பொடி சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். 600 மில்லி எண்ணெய்க்கு 18 கிராம் பாக்கெட் ஒன்று. அடுப்பை அணைத்ததும், எண்ணெய் 80 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதே போட்டுக் கலக்க வேண்டும். ஆறிய எண்ணெயில் போட்டால் பொடி கரையாது. ஒரு மணி நேரத்தில் கட்டியாகிவிடும். கரண்டியால் பெயர்த்து, எரியும் குப்பைப் பையில் போட்டு, அந்தக் குப்பைக்கு உரிய நாளில் காலையில் வையுங்கள். முந்தின இரவே வைத்தால் காகம் கிழித்துவிடும். அக்கம்பக்கத்தாரிடம் முதல் பேச்சே மன்னிப்பில் தொடங்க வேண்டியிருக்கும்.