எந்த ஆக்சைடு எதைப் பிடிக்கும்? தண்ணீர் சுத்திகரிப்பு கேள்வி பதில்

தண்டையார்பேட்டை இல்லத்தரசி: சார், எங்க போர் தண்ணி உப்புக் கரிக்குது. டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) 1,800. நானோ ஃபில்டர் போட்டா சரியாகுமா?

ஆகாதும்மா. அந்த ஃபில்டரில் இருக்கும் இரும்பு ஆக்சைடு நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத நுண்பொடி) ஆர்செனிக், ஈயம், குரோமியத்தைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், உப்பைத் தொடாது. உப்புக்கு ஆர்ஓதான். டிடிஎஸ் மீட்டரை வைத்து ஈயம் இல்லை என்றும் முடிவு கட்டாதீங்க. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 தரும் ஈய வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டர் அசையாது. லேப்தான் வழி.

மணலி: லேபுக்குத் தண்ணி எப்படிப் பிடிக்கணும்?

ஈயத்துக்கு, நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச் (அமில-கார அளவு) 2-க்குக் கீழே இறக்கிய பிளாஸ்டிக் பாட்டில். அமிலம் விடாவிட்டால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ரிப்போர்ட்டில் குறைத்துக் காட்டும். ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கு (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) அமிலமே கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துடுங்க.

வியாசர்பாடி, எம்எஸ்சி மாணவி: மேக்னடைட் (காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு) தயாரிச்சேன், கறுப்பா வராம செங்கல் நிறத்துல வந்துடுச்சு. பிஹெச் 8-ல தண்ணியிலிருந்து குரோமியமும் சரியா போகல.

ரெண்டும் வேறு வேறு கோளாறும்மா. நிறம் மாறினது காற்றால்; ஃபெரஸ் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து ஃபெரிக்காகிவிட்டது. ஃபெரஸ் சல்பேட் படிகம் வெளிர்பச்சையா இருக்கணும். மஞ்சள் பூத்திருந்தால் வேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய 100 மில்லி தண்ணீரில் ஃபெரிக் குளோரைடு (ஹெக்ஸாஹைட்ரேட்) 5.4 கிராம், ஃபெரஸ் சல்பேட் (ஹெப்டாஹைட்ரேட்) 2.78 கிராம் கரைத்து, நைட்ரஜன் விட்டுக்கொண்டே 80 டிகிரிக்குச் சூடாக்கி, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 10-க்குக் கொண்டுவாங்க. கன்னங்கரேலென்று திரளும். அரை மணி கலக்கி, காந்தத்தால் பிடித்து, பிஹெச் 7 வரும்வரை கழுவுங்க. சுமார் 2.3 கிராம் தேறும்.

குரோமியம் போகாததற்குக் காரணம் மின்னூட்டம். பிஹெச் 7-ஐத் தாண்டினால் மேக்னடைட்டின் மேற்பரப்பு எதிர்மின். தண்ணீரில் குரோமியம் இருக்கும் வடிவமான குரோமேட்டும் எதிர்மின், அதனால் தள்ளிவிடும். பிஹெச் 4-க்கு இறக்கிப் பாருங்க. ரொம்பவும் இறக்கினால் இரும்பே கரைந்து வரும், அதனால் வடிநீரில் இரும்பையும் அளக்கணும். ஈயத்துக்கு 5.5 நல்லது. பிஹெச் ஏறினால் ஈயம் ஹைட்ராக்சைடாகத் தானே படிந்துவிடும், ஆக்சைடு பிடித்ததாகத் தப்பாகக் கணக்கில் ஏறும்.

எண்ணூர்: பொடியைக் குழாய்ல நிரப்பினேன். தண்ணியே இறங்கல.

நானோ பொடி சேறாக இறுகும், தம்பி. மணலில் பூசணும், இல்லை மணியாக்கணும். ஐஐடி மெட்ராஸின் அம்ரித் ஆர்செனிக் வடிகட்டியும் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடைக் கைட்டோசனோடு (இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) சேர்த்துக் குருணையாக்கியதுதான். ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை) மணி சுலபம். ஆனால் நம்ம கடலோர உப்புத் தண்ணீரில் சோடியம், மணியை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தை வெளியேற்றிவிடும். மணி ஊதி, கொழகொழத்துப் போகும்.

கொடுங்கையூர், முலாம் பட்டறை: பிடிச்ச குரோமியத்தை என்ன செய்யறது?

0.1 மோலார் காஸ்டிக் சோடாவில் கழுவினால் ஆக்சைடு மீளும். ஆனால் மொத்த நஞ்சும் அந்தக் கழுவுநீரில்தான் இருக்கு. கால்வாயில் ஊத்தவே கூடாது. அமிலமாக்கி, ஃபெரஸ் சல்பேட் போட்டு நச்சு குறைந்த மூவிணைதிற குரோமியமாக்கி, சுண்ணாம்பால் பிஹெச் 8.5-ல் படியவிடுங்க. அந்தச் சேறு முறையான அனுமதியோடு கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்குப் போகணும்.