டென்ட்டுக்கு ராத்திரி 1,500 ரூபாயா?

கேள்வி: பாறை ஏற நாலு பேரா கொடைக்கானல் வர்றோம். வட்டக்கானல் பக்கம் டென்ட்ல தங்க ஆளுக்கு 1,500 சொல்றாங்க. குடுக்கலாமா, இல்ல சொந்த டென்ட்டக் காட்டுல அடிச்சுக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: காட்டுல அடிக்கிற பேச்சே வேணாங்க, சுத்தியிருக்குற காடு பெரும்பாலும் 2013-லயே சரணாலயமா அறிவிச்சது, அனுமதி இல்லாம தங்குனா கேஸ்தான், போதாக்குறைக்கு ராத்திரி காட்டுமாடு வேற சுத்தும். தூண் பாறையப் பாத்து ஆசப்படாதீங்க, அத கம்பிக்கு இந்தப்பக்கம் நின்னு பாக்க மட்டுந்தான்.

1,500-க்கு என்ன தர்றாங்கன்னு கேளுங்க. அமெரிக்காவுல யோசமிட்டி தேசியப் பூங்காவுல பாறை ஏறுறவங்க டென்ட் போட்டுத் தங்குற கேம்ப் 4-ங்கற எடத்துல ராத்திரிக்கு ஆளுக்கு 10 டாலர்தான், கழிப்பறை, தண்ணி, கரடி தொறக்க முடியாத சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் உண்டு, ஆனா டென்ட் நம்மளுது, நடத்துறது அரசாங்கம். இங்க பாதிக் காசு கேம்ப்ஃபயருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் போயிடுது (காலைல பாறை ஏறப் போறவனுக்கு அது எதுக்கு?). கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், ஜனவரில உறைபனி விழும், அதனால அடில போடுற மெத்தை தடிமனா இருக்கா, டென்ட் மேல தனி மழைத்துணி இருக்கா, தரை சரிவா தண்ணி ஓடுற மாதிரி இருக்கான்னு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. மழுப்புனா விட்டுடுங்க, நாலு பேருக்கு 6,000 ஆகுதே, அதுக்கு சுவரும் வெந்நீரும் இருக்குற ரூமே கெடைக்கும்.

இடத்துக்கு லைசென்ஸ் இருக்கான்னும் கேட்டுக்கோங்க. வண்டிக்கு இ-பாஸ் போட மறந்துடாதீங்க.